பழைய வண்டிக்குப் புதுச் சங்கிலி

வந்தாறுமூலையில் பொழுது புலர்ந்ததும் துவிச்சக்கர வண்டிகளின் மணியோசை கேட்கத் தொடங்கிவிடும். வயலுக்குச் செல்லும் கமக்காரருக்கும், பாடசாலைப் பிள்ளைகளுக்கும், கிழக்குப் பல்கலைக்கழக மாணவருக்கும் மேடு பள்ளமற்ற இச்சமவெளியில் அதுவே உற்ற துணை. 2022ஆம் ஆண்டில் எரிபொருள் அரிதாகிய நாட்களில், தாழ்வாரத்தில் உறங்கிக் கிடந்த பழைய வண்டிகளும் மீண்டும் வீதிக்கு வந்தன.

அந்நாட்களில் நாமும் தந்தையார் விட்டுச் சென்ற றலி வண்டியை வெளியே எடுத்தோம். கச்சான் காற்றை எதிர்த்து மிதித்தபோது அதன் சங்கிலி அறுந்தது. புதியதொன்றை வாங்கிப் பூட்டினோம். மறுநாள் நெடுஞ்சாலையில் விசையாக மிதிக்கையில், சங்கிலி பற்களின்மேல் துள்ளிப் பாய்ந்தது. கால் நழுவி, பின்னால் அமர்ந்திருந்த பிள்ளையோடு வீழ்ந்தோம். சிராய்ப்புக் காயங்களோடு தப்பியது தெய்வாதீனமே.

பிழை எங்கே நேர்ந்தது? சங்கிலியும் பற்சில்லும் கூடியே தேய்கின்றன. சங்கிலியில் ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடைவெளி அரை அங்குலம். ஆணிகள் தேயத் தேய அவ்விடைவெளி கூடுகிறது. பற்களும் அதற்கேற்ப உருமாறுகின்றன. அளவு பிசகாத புதுச் சங்கிலி அப்பற்களில் அமர மறுக்கின்றது.

ஆகவே, சங்கிலியை மாற்றுமுன் பழையதை அளந்து பாருங்கள். ஓர் ஆணியின் நடுவிலிருந்து எண்ணினால், 24ஆவது ஆணி சரியாக 12 அங்குலத்தில் நிற்றல் வேண்டும். 1/16 அங்குலம் மிஞ்சினால் சங்கிலியை மாற்றுக. 1/8 அங்குலம் மிஞ்சிவிட்டால் பற்சில்லுகளையும் உடன் மாற்றுவதே முறை.

வேறு இரு பொருத்தங்களும் கவனிக்கத் தக்கவை. பல கியர் வண்டிகளின் ஒடுங்கிய சங்கிலி, பழைய வண்டியின் தடித்த பற்களில் இறங்காது. மிதியச்சைத் தாங்கும் ‘கப்’பின் புரிகள் ஏனைய ஆங்கில வண்டிகளில் அங்குலத்திற்கு 24, பழைய றலியிலோ 26. மாற்றிப் பூட்டி முறுக்கினால் வண்டியின் சட்டமே பாழாகும்.

எல்லாக் கலப்பும் தீதன்று. முன்னே 46 பற்களும் பின்னே 18 பற்களும் உள்ள வண்டியில், மிதியை ஒருமுறை சுற்றினால் பின்சில்லு ஏறத்தாழ இரண்டரை முறை சுழலும். பின்னே 20 பற்களுள்ள பிறீவீலைப் பூட்டினால் அது 2.3 முறையாகும். வேகம் சற்றுக் குறையும். நெல்மூட்டையோடு எதிர்காற்றில் செல்வோருக்கு முழங்கால் நோவும் குறையும்.

பழையதைப் பேணுதல் நல்ல சிக்கனமே. ஆனால், பிள்ளையை ஏற்றிச் செல்லும் வண்டியில் தேய்ந்த பற்சில்லை விட்டுவைப்பது சிக்கனமாகாது என்பதை நாம் வீழ்ந்தே அறிந்தோம்.