வடக்குச் சந்து எப்போதும் நிழல்தானா?

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். அதற்குள் செடி வைத்துவிட வேண்டும் என்று அவசரப்படும் சென்னை வாசகர்களின் கடிதங்கள் பெரும்பாலும் ஒன்றையே கேட்கின்றன: ‘வீட்டுக்கு வடக்கே ஐந்தடிச் சந்து. வெயிலே விழுவதில்லை. நாலு செடி, கொஞ்சம் கூழாங்கல் என்று மினிமலிஸ்ட் தோட்டம் போடலாமா?’

தாராளமாகப் போடலாம். ஆனால், ‘வெயிலே விழுவதில்லை’ என்பது அக்டோபர் மாதத்து உண்மை மட்டுமே.

நீங்கள் பார்த்து ஆசைப்பட்ட படங்கள் கியோட்டோவிலோ லண்டனிலோ எடுத்தவை. கடக ரேகைக்கு வடக்கே உள்ள ஊர்களில் நடுப்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கில்தான் நிற்கும். வீட்டின் வடபுறத்தில் உச்சிவெயில் படவே படாது. அங்கே எழுதிய தோட்டக்கலைப் புத்தகங்கள் ‘வடக்கு என்றால் நிழல்’ என்று அடித்துச் சொல்வது அதனால்தான். சென்னைக்கு அது பொருந்தாது. இங்கே ‘நிழலில்லா நாள்’ ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஒருமுறை, ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி மறுமுறை வருகிறது. இடைப்பட்ட நாலு மாதமும் நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அக்னி நட்சத்திரம் முழுவதும் அந்தக் கணக்கில் அடங்கிவிடும்.

முப்பது அடி உயர வீட்டை எடுத்துக்கொள்வோம். அக்டோபர் 20 நண்பகலில் அதன் நிழல் வடக்கே 13 அடி நீளும். டிசம்பர் 22-ல் 22 அடி. ஐந்தடிச் சந்து முழுக்க மூழ்கிவிடும். மார்ச் கடைசியில் காம்பவுண்டு ஓரமாக வெயில் எட்டிப்பார்க்கத் தொடங்கும். ஜூன் 21-ல் உங்கள் வீட்டு நிழல் தெற்கே சாய்ந்துவிடுகிறது. வடக்கே பத்தடி தள்ளி இதே உயரத்தில் பக்கத்து வீடு இருந்தாலும் அதன் நிழல் ஐந்தரை அடிதான் வரும். மிச்சம் நாலரை அடியில் உச்சிவெயில்.

மினிமலிஸ்ட் பாணிக்கு இது பெரிய ஆபத்து. பத்து வகைச் செடி உள்ள தோட்டத்தில் ஒன்று கருகினால் யாருக்கும் தெரியாது. ஒரே வகையில் பன்னிரண்டு அக்லோனிமாவை வரிசையாக வைத்திருந்தால், மே மாதத்தில் பன்னிரண்டும் சேர்ந்து இலை வெளுத்து, ஓரம் பழுப்பாகி நிற்கும். நர்சரிக்காரர் ‘நிறைய தண்ணி ஊத்துங்க’ என்பார். வெந்த இலை தண்ணீரால் திரும்பப் பச்சையாகாது.

‘நிழல் செடி’ என்று நர்சரி அட்டை சொல்வதையும் அப்படியே ஏற்க வேண்டாம். அந்தச் செடி வளர்ந்தது பச்சை வலைக்கு அடியில். உச்சிவெயிலின் ஒளி சுமார் ஒரு லட்சம் லக்ஸ். 50 சதவீத வலை அதில் பாதியை உள்ளே விடுகிறது. அடுக்குமாடி மாடிப்படிக்குக் கீழே சில நூறு லக்ஸ் இருந்தாலே அதிகம். இரண்டுக்கும் பெயர் நிழல்தான். கண் இருட்டுக்குப் பழகிக்கொள்வதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை, செடிக்குத் தெரியும்.

ஆகவே வடக்குச் சந்தில், தரையில் நிரந்தரமாக வைப்பதற்கு மருள் வகைச் செடிகளே என் தேர்வு. ஸ்நேக் பிளான்ட் என்று விற்கும் இது வெயிலையும் தாங்கும், நிழலையும் தாங்கும். அக்லோனிமாதான் வேண்டுமென்றால் தொட்டியில் வையுங்கள். மார்ச் கடைசியில் இடம் மாற்றிவிடலாம்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

சென்னைக்குத் தெற்கே? வடக்கு வெயில் காலம் இன்னும் நீளும்; கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே தொடங்கிவிடும்.

வெள்ளைக் கூழாங்கல்? மழைக்காலத்தில் பாசி படிந்து பச்சையாகும். சாம்பல் நிறம் வாங்குங்கள்.

புல்தரை? ‘நிழலிலும் வளரும்’ என்று பில்டர் சொன்னால், ஒரு வருடம் பராமரிப்பாரா என்று எழுதி வாங்குங்கள்.

தண்ணீர்? நிழலில் மண் காய நாளாகும். விரலை விட்டுப் பார்த்து ஊற்றுங்கள்.

செடி காற்றைச் சுத்தம் செய்யுமா? அந்தப் பேச்சு 1989-ல் நாசா மூடிய பெட்டிக்குள் செய்த ஆய்விலிருந்து வந்தது. திறந்த சந்துக்கு அதைப் பொருத்த முடியாது.

தரை முழுக்க கடப்பா கல் பதிக்கலாமா? மழைநீர் சேகரிப்புக் குழியை மட்டும் மூடாதீர்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் அது கட்டாயம்.