டிராக்டர் இன்ஜினைப் பிரிக்கும் முன்...

நவரைப் பட்டத்துக்கு நாற்று விட்டு 12-ம் நாள். பூந்தமல்லியைத் தாண்டியுள்ள எங்கள் ஊரில், அண்ணனின் டிராக்டர் சேற்றுழவில் திணறியது. ஓடியது, ஆனால் இழுக்கவில்லை. ரோட்டவேட்டரை இறக்கினால் உறுமி அடங்கியது. சைலன்சரில் நீலப்புகை. பிரீதர் குழாயில் குபுகுபுவென்று ஆவி. காலையில் ஊற்றிய இன்ஜின் ஆயில், மாலையில் குச்சியில் குறியைவிடக் கீழே இறங்கியிருந்தது.

குறுகிய கால நெல்லுக்கு 18 முதல் 22 நாள் வயதுள்ள நாற்றை நட வேண்டும். நாற்று முதிர்ந்தால் தூர் கட்டுவது குறையும். அதை எந்த உரத்தாலும் ஈடுகட்ட முடியாது. ஆக, எங்கள் கையில் இருந்தது பத்தே நாள்.

இத்தனைக்கும் முந்தைய ஆண்டுதான் இதே இன்ஜினுக்கு வேலை செய்திருந்தோம். லைனரை அளக்காமலேயே, "ரிங் மட்டும் மாத்தினா போதும்" என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். பாதிச் செலவில் முடிந்ததே என்று நாங்களும் மகிழ்ந்தோம். பயிர் வளர்ப்பைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்லும் நான், வீட்டு டிராக்டருக்கு "அளந்தீர்களா?" என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

இந்த முறை அம்பத்தூருக்குப் போனோம். இந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு ஒரு வசதி உண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் தொடங்கப்பட்டது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் முதல் விஜயந்தா டாங்கி 1965-ல் வெளிவந்தது. டாஃபே நிறுவனம் சென்னையில் டிராக்டர் தொழிலைத் தொடங்கியது 1960-ல். 1840-ல் மதராஸில் வண்டி கட்டும் நிறுவனமாகப் பிறந்த சிம்சன், பின்னாளில் செம்பியத்தில் டீசல் இன்ஜின் தயாரித்தது. இந்த ஆலைகளைச் சுற்றி லேத், கிராங்க் கிரைண்டிங், பம்ப் டெஸ்டிங் பட்டறைகள் வளர்ந்தன. வெளியூரில் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிய வேலை, இங்கே பக்கத்துப் பக்கத்துத் தெருவில் முடியும்.

முதலில் பார்த்தது இன்ஜினை அல்ல

வந்த மெக்கானிக் ஸ்பேனரை எடுக்கவில்லை. ஏர் ஃபில்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயை விரலால் தடவினார். அடிப்பக்கத்தில் ஒரு வெடிப்பு. உள்ளே விரலை விட்டு எடுத்தார். நுனியில் மாவு போலப் புழுதி.

"இன்ஜின் தேயலண்ணே, மண்ணு தின்னிருக்கு" என்றார்.

விஷயம் அவ்வளவுதான். கோடையில் புழுதி உழவு ஓட்டியபோது, வடிகட்டாத காற்று அந்த வெடிப்பு வழியே உள்ளே போயிருக்கிறது. மண் துகள் எண்ணெயோடு சேர்ந்து, ரிங்குக்கும் லைனருக்கும் நடுவே உப்புத்தாள் போலத் தேய்த்திருக்கிறது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புது ரிங் போட்டால், புது ரிங்கும் தேயும். எங்களுக்கு நடந்தது அதுதான்.

புகையைப் படியுங்கள்

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைச் சுமார் 17 மடங்கு அழுத்தும்போது அது 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகும். அந்தச் சூட்டில் டீசல் தானாகப் பற்றிக்கொள்ளும். ரிங், லைனர், வால்வு எங்கே கசிந்தாலும் அழுத்தம் குறையும், இழுவையும் குறையும்.

நீலப்புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம். அடைத்த ஃபில்டர், கெட்ட நாசில், பம்ப் கோளாறு இவற்றில் ஒன்றாக இருக்கலாம். வெண்புகையோடு ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். கரும்புகைக்கு இன்ஜினைப் பிரிக்கத் தேவையில்லை. ஃபில்டரைச் சுத்தம் செய்து, நாசிலை டெஸ்ட் செய்தாலே பல நேரம் தீர்ந்துவிடும். எனவே பிரிக்கும் முன் கம்ப்ரஷன் சோதனை கேளுங்கள். எந்த சிலிண்டர் பலவீனம் என்று அது சொல்லிவிடும்.

அளவுதான் பேச வேண்டும்

பிரித்த பிறகு முடிவைக் கண்ணுக்கு விடாதீர்கள், கருவிக்கு விடுங்கள். லைனர் மேல்பகுதியில், முதல் ரிங் திரும்பும் இடத்தில்தான் அதிகம் தேயும். எனவே மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்திலும், ஒவ்வொன்றிலும் குறுக்காக இரண்டு திசையிலும் போர் கேஜ் வைத்து அளக்க வேண்டும். எங்கள் லைனர் மூன்றுமே கம்பெனி கையேட்டில் உள்ள எல்லையைத் தாண்டியிருந்தன. இதில் ரிங் மட்டும் போடுவது, ஓட்டைப் பானைக்குப் புது மூடி போடுவது போலத்தான்.

கிராங்க் தேய்ந்திருந்தால் 10, 20, 30 தவு என்று படிப்படியாகக் கிரைண்டிங் செய்யலாம். ஒரு தவு என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எந்த அளவுக்குக் கிரைண்டிங் செய்தார்களோ, அதே அளவு பேரிங் போட வேண்டும். இந்த அளவைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை உதவும். புது ரிங்கைப் பிஸ்டனில் மாட்டும் முன், லைனருக்குள் வைத்து அதன் இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்க்கச் சொல்லுங்கள். ஹெட் போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்புறமாக, இரண்டு மூன்று கட்டமாக, டார்க் ரெஞ்சால்தான் முறுக்க வேண்டும்.

பிளாக்கையே மாற்ற நேர்ந்தால் இன்ஜின் எண் மாறும். அதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவுச் சான்றில் ஏற்ற மறக்காதீர்கள். இல்லையென்றால் காப்பீடு, விற்பனை இரண்டிலும் சிக்கல் வரும்.

பிளக்கும்போது கவனம்

லாரியில் இன்ஜினைச் சேஸிஸ் தாங்குகிறது, தூக்கி எடுத்துவிடலாம். பெரும்பாலான டிராக்டர்களில் இன்ஜினும் கியர்பாக்ஸ் உறையுமே முதுகெலும்பு. இரண்டையும் பிரித்தால் வண்டியே இரண்டாகும். முன்பாதிக்கும் பின்பாதிக்கும் தனித்தனியாக வலுவான ஸ்டாண்ட் கொடுக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி யாரையும் அடியில் படுக்க விடாதீர்கள்.

பிளந்தது பிளந்தாயிற்று, அதே கூலியில் கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்க் பின் ஆயில் சீல் மூன்றையும் பார்த்துவிடுங்கள். இதற்காகவே இன்னொரு முறை பிளப்பது வீண் செலவு.

அமெரிக்காவில் பழைய டீசல் பிக்கப் வண்டி வைத்திருப்பவர்களில் சிலர், இன்ஜினைப் புதுப்பிக்கும்போதே தானியங்கி கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டுக் கையால் போடும் கியருக்கு மாற்றிக்கொள்கிறார்கள். இத்தனைக்கும் கிளட்ச் பெடல், ஃபிளைவீல், பின் ஷாஃப்ட் எல்லாம் மாற்ற வேண்டிய பெரிய வேலை அது. இழுவை வேலைக்கு அது தாங்கும், பழுதானால் சாதாரணப் பட்டறையிலேயே பிரித்துப் பார்க்கலாம் என்பது அவர்கள் கணக்கு. நம் டிராக்டர்களில் பெரும்பாலானவை அப்படியே வருகின்றன. புது டிராக்டர் வாங்கும்போதும், "இதை நம்ம ஊரில் யார் சரிசெய்வார்?" என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.

பட்டமும் பட்டறையும்

"ராத்திரி பகலா பண்ணா பத்து நாள்ல கொடுத்திடலாம் சார். ஆனா புது இன்ஜினை நேரா சேத்துல விடக்கூடாது" என்றார் மெக்கானிக். அதுதான் சரி. புது ரிங் லைனரோடு படிய முதல் 50 மணி நேரம் நடுத்தரச் சுமை வேண்டும். காலி டிரெய்லர், காய்ந்த நிலத்தில் ஆழம் குறைத்த கல்டிவேட்டர் நல்லது. சேற்றில் ரோட்டவேட்டர் முழுச் சுமை. அதற்காகச் சும்மா நிறுத்தி மணிக்கணக்கில் ஓடவிடுவதும் தவறு. லைனர் வழுவழுப்பாகி, ரிங் படியாமல் போகும். 50 மணி நேரம் முடிந்ததும் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றி, டேப்பெட் இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும்.

எனவே நடவையும் ரிப்பேரையும் பிரித்தோம். சேற்றுழவுக்கு வாடகை டிராக்டர் பிடித்து, 20-ம் நாள் நட்டுவிட்டோம். வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்களுக்கு உழவன் செயலியில் பதிவு செய்யலாம். பட்டம் நெருங்கும்போது கிராக்கி அதிகம், முன்கூட்டியே பதியுங்கள். எங்கள் இன்ஜின் அவசரமில்லாமல் கிரைண்டிங், பம்ப் டெஸ்டிங் எல்லாம் முடித்து, நடவுக்கு ஒரு வாரம் கழித்து வந்தது.

இன்ஜின் வேலைக்கு நல்ல காலம் அறுவடைக்கும் அடுத்த உழவுக்கும் இடைப்பட்ட நாட்கள்தான். அதைவிட நல்லது, வேலையே வராமல் பார்த்துக்கொள்வது. புழுதி உழவு நாட்களில் தினமும் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். ஆயில் வகை ஃபில்டர் என்றால் குறி வரை மட்டும் ஆயில் ஊற்றுங்கள். குறைந்தால் தூசி பிடிக்காது, கூடினால் இன்ஜின் அதை உறிஞ்சிவிடும். ரேடியேட்டரில் உப்புள்ள போர்த் தண்ணீர் வேண்டாம். சேற்றுழவு முடிந்ததும் ரேடியேட்டர் துடுப்புகளில் ஒட்டிய சேற்றைக் கழுவுங்கள்.

அந்த ரப்பர் குழாயையும் கிளிப்பையும் மாதம் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். அண்ணன் இப்போது தினமும் டீசல் ஊற்றும்போதே தடவிவிடுகிறார்.