மின்மடலின் கட்டமைப்பு

கல்லூரி விழாவுக்கான அழைப்பைப் பழைய மாணவர்க்கு மின்னஞ்சலில் அனுப்புதல் இன்று வழக்கமாகிவிட்டது. திம்புள்ளையில் ஒழுங்காகக் காட்சியளித்த மடல் இலண்டனில் வாழும் ஒருவரிடம் சிதைந்து சேர்வதும் உண்டு. அதன் காரணத்தை அறிதல் நன்று.

இணைய உலாவிகள் பெரும்பாலும் ஒரே விதிகளைப் பின்பற்றுவன. மின்னஞ்சல் செயலிகள் அவ்வாறல்ல. அவுட்லுக், தன் 2007ஆம் ஆண்டுப் பதிப்பில், மடலைக் காட்டும் பணியை உலாவிப் பொறியினின்றும் நீக்கி, வேர்ட் என்னும் சொற்செயலியின் பொறியிடம் ஒப்படைத்தது. பக்க அமைப்புக்கென இன்று வழங்கும் புதிய கட்டளைகள் பல அப்பொறிக்கு விளங்கா. ஆகவேதான் இணையப் பக்கங்களை அமைப்போர் என்றோ கைவிட்ட அட்டவணை முறை மடல்களில் இன்னும் வாழ்கின்றது. ஏறக்குறைய 600 பிக்சல் அகலமுள்ள ஓர் அட்டவணையுள், ஒரே நிரலாக, செய்தியை அமைத்தல் தக்கது. நிறம், எழுத்தளவு, இடைவெளி முதலிய விதிகளை அவ்வவ் உறுப்பினுள்ளேயே எழுதுதல் வேண்டும். தலைப்பகுதியில் தொகுத்தெழுதியவற்றைச் சில செயலிகள் களைந்துவிடும். ஜிமெயிலும் 2016இலேயே அவற்றைப் பரவலாக ஏற்கத் தொடங்கிற்று.

தமிழ் மடலுக்கு மற்றுமோர் இடர் உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய மடல், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாகவே தோன்றும். யூனிகோடு இக்குறையைத் தீர்த்தது. எனினும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்தொன்றுக்கு 1 பைட் போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும். 'தமிழ்' என்னும் ஒரு சொல்லே 15 பைட் கொள்ளும். ஏறத்தாழ 102 கிலோபைட்டைக் கடந்த மடலை ஜிமெயில் இடையில் வெட்டி, எஞ்சியதை ஓர் இணைப்பின் பின்னே மறைத்துவிடும். வேர்டிலிருந்து அப்படியே ஒட்டிய மடலில் பயனற்ற கட்டளைகள் மலிந்திருத்தலின், இவ்வெல்லையை எளிதில் எட்டிவிடலாம்.

இத்தொல்லைகளுக்கு அஞ்சி, அழைப்பு முழுவதையும் ஒரே படமாக்கி அனுப்புவோர் உளர். நமது பள்ளிகளில் இதுவே பெருவழக்கு. நான் இதனை ஒப்பேன். படங்களைத் தடுக்கும் செயலியில் அது வெற்றுப் பெட்டியாகும். திரைவாசிப்பான் கொண்டு படிக்கும் பார்வையற்றவர்க்கோ ஒன்றுமே இல்லை. அழைப்பு அவரையும் சேரவேண்டாமா? நாள், இடம், நேரம் ஆகியவை எழுத்தாகவே இருத்தல் வேண்டும்; கல்லூரி இலச்சினை மட்டும் படமாகலாம், அதற்கும் மாற்றுரை எழுதுக. 1992இல் வகுக்கப்பட்ட மைம் முறை, அலங்காரமற்ற எழுத்து வடிவத்தையும் அதே மடலினுள் உடன்வைக்க இடந்தருகின்றது. அனுப்புமுன் படங்களை நிறுத்திவிட்டு, ஓர் அவுட்லுக்கிலும் ஒரு கைப்பேசியிலும் மடலைத் திறந்து பார்த்தல் வேண்டும்.