உங்களுக்குத் தெரியுமா? ஒரே காரில் இருவேறு குளிர்
காரின் ஏசியில் ஒரு பக்கத் துவாரத்திலிருந்து சில்லென்றும் மறுபக்கத்திலிருந்து வெதுவெதுப்பாகவும் காற்று வருவதற்குப் பெரும்பாலும், பேச்சு வழக்கில் கேஸ் எனப்படும் குளிர்பொருளின் குறைவே காரணமாகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னே உள்ள ஆவியாக்கி, அதாவது திரவக் குளிர்பொருள் கொதித்து ஆவியாகும்போது காற்றின் வெப்பத்தை உறிஞ்சும் அலுமினியப் பகுதி, முழுப் பரப்பிலும் குளிர வேண்டுமானால், திரவம் அதன் இறுதிக் குழாய்கள்வரை எட்ட வேண்டும். கசிவால் அளவு குறையும்போது, இயல்பான காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும் ஆர்-134ஏ போன்ற பொருள் நுழைவாயிலருகே முழுதும் ஆவியாகிவிடுவதால், எஞ்சிய பகுதி போதிய அளவு குளிர்வதில்லை.

இருபுறமும் தனித்தனியே வெப்பநிலை அமைக்கும் கார்களில் இன்னொரு சாத்தியமும் உண்டு: குளிர்காற்றையும் ஹீட்டர் வழியே வரும் சூடான காற்றையும் கலக்கும் சிறு கதவு, அதை இயக்கும் மோட்டாரின் பிளாஸ்டிக் பற்சக்கரம் உடைந்தால், பாதியில் நின்றுவிடுகிறது.

குளிர்பொருள் குறைந்துள்ளதா என்று அறிய, இயந்திரம் ஓடாதபோது அழுத்தமானியை மட்டும் நம்புவது, பட்டறைகளில் பரவலாக இருப்பினும், தவறான வழக்கமே. திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும்வரை அழுத்தத்தை முடிவுசெய்வது வெப்பநிலையே தவிர அளவன்று என்பதால், இருப்பதை முழுதும் வெளியேற்றி, பானட்டின் அடியில் பொதுவாக ஒட்டப்பட்டிருக்கும் குறிப்பிலுள்ள கிராம் கணக்குப்படி எடைபோட்டு நிரப்புவதே உறுதியான சோதனையாகும்.