கடலுக்கு ஒரு அட்டெண்டன்ஸ்!

என் பீரோவில் 1996-ல் தரங்கம்பாடியில் எடுத்த போட்டோ ஒன்று இருக்கிறது. கூலிங் கிளாஸ் சகிதம் நான். தோளில் கை போட்டபடி ஆபீஸ் நண்பன். எங்கள் ரெண்டு தலைக்கும் நடுவே, பின்னால், நாலு விரல் அகலத்துக்குக் கொஞ்சம் கட்டடம் தெரிகிறது. அதுதான் மாசிலாமணிநாதர் கோயில்!

சமீபத்தில் அந்த போட்டோவையும் எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். 'கடல் எவ்வளவு உள்ளே வந்திருக்கு, பார்த்துடலாம்' என்று ஆசை. கரையில் முன்னும் பின்னும் நடந்ததுதான் மிச்சம். எங்கே நின்று எடுத்தோம்? தெரியவில்லை. எந்த மாசம்? எழுதவில்லை. கோயிலுக்கும் அலைக்கும் நடுவே எத்தனை அடி இருந்தது? அந்த இடத்தை என் நண்பனின் காது மறைத்துக்கொண்டிருக்கிறது!

வேறு இடமாக இருந்தால் சிரித்துவிட்டு வந்திருப்பேன். இது சுமார் 700 வருஷத்துக்கு முன், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில். ஊருக்கு அப்போது சடங்கன்பாடி என்று பெயர். அதைச் சொல்வதே அந்தக் காலத்துக் கல்வெட்டுதான். அப்பேர்ப்பட்ட கோயிலின் முன்பகுதியைக் கடல் விழுங்கிவிட்டது. எழுத்துள்ள கல் ஒன்று கடலுக்குள் விழுந்தால், 'அடுத்த லீவுல வந்து படிச்சுக்கறேன்' என்று சொல்ல முடியுமா?

இங்கிருந்து கொஞ்சம் வடக்கே பூம்புகார். அங்கே அலை வந்து போகிற இடத்தில் சுடுமண் உறைகிணறுகளும் செங்கல் கட்டடங்களும் கிடைத்திருக்கின்றன. அலையடிக்கிற இடத்தில் எவனாவது குடிதண்ணீருக்குக் கிணறு வெட்டுவானா? வெட்டிய காலத்தில் கடல் தள்ளி இருந்திருக்கிறது என்று அர்த்தம். கோவாவிலுள்ள தேசிய கடல் ஆய்வு நிறுவனத்தினர் இந்தக் கரையில் இப்படித்தான் துப்பு துலக்கினார்கள். தரங்கம்பாடியில் அவர்களுக்குக் கைகொடுத்தது, டேனிஷ்காரர்கள் வரைந்து வைத்துவிட்டுப் போன பழைய ஊர்ப்படம். 1620-ல் டான்ஸ்போர்க் கோட்டை கட்ட வந்தவர்கள், 1845-ல் ஊரை இங்கிலீஷ்காரனுக்கு விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். ஆனால், கணக்கை விட்டுவிட்டுப் போனார்கள்!

ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்லக் கூடாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்து அலை மணலை வாரிக்கொண்டு போகும். கடல் அமைதியான மாசங்களில் ஓரளவு திரும்பக் கொண்டுவந்து போடும். தவிர, நம் கிழக்குக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. ஓரிடத்தில் கல்லைக் கொட்டித் தடுத்தால், அதற்கு வடக்கே இருக்கிறவர் வீட்டு வாசலில் கடல் நிற்கும். எங்கே, எவ்வளவு அரிக்கிறது என்று வருஷக்கணக்கில் குறித்து வைத்தால்தான் எதை முதலில் காப்பாற்றுவது, எதையாவது படமெடுத்துப் படியெடுத்து வைப்பது என்று முடிவு பண்ண முடியும்.

இதற்கு விஞ்ஞானிதான் வரவேண்டும் என்பதில்லை. ஸ்காட்லாந்தில் 1850-ல் ஒரு புயல் மணலை வாரியடித்தபோதுதான் ஸ்காரா ப்ரே என்கிற 5,000 வருஷத்துக் கிராமம் வெளியே எட்டிப் பார்த்தது. அதே நாட்டில் 2012-லிருந்து 2016 வரை, சாதாரண ஜனங்கள் மொபைலும் கையுமாகக் கரையோரம் நடந்தார்கள். எந்தச் சின்னம் இருக்கிறது, எது சரிந்தது என்று பார்த்துப் பதிவு செய்தார்கள். கடலுக்கு அட்டெண்டன்ஸ் எடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

நமக்கும் சனி, ஞாயிறு இருக்கிறது. பாக்கெட்டில் காமிரா இருக்கிறது. நகராத ஒரு இடத்தைப் பிடியுங்கள். ஒவ்வொரு தடவையும் அங்கேயே நின்று, அதே திசையில் எடுங்கள். முடிந்தால் மழைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. தேதி, நேரம், கடல் ஏற்றமா வற்றமா என்று குறித்துக்கொள்ளுங்கள். அளவு தெரிய ஒரு குடையை நட்டு வைத்தாலும் சரி (அதன் உயரத்தை அளந்து எழுத மறக்காதீர்கள்). மணலில் பழைய பொருள் ஏதாவது தலைகாட்டினால் தோண்டாதீர்கள், வீட்டுக்குத் தூக்கிக்கொண்டும் போகாதீர்கள். கிடந்த இடத்திலேயே படமெடுத்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். இடத்தை விட்டு எடுத்துவிட்டால் அதன் பாதி சரித்திரம் போச்சு.

நானும் கோட்டைப் பக்கம் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்தேன். குடையை நட்டேன். எட்டு படம் எடுத்து, தேதியோடு நண்பனுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"என்னடா இது, ஒண்ணுலகூட உன் மூஞ்சியைக் காணோம்?"

"அதனாலதான்டா, இந்தத் தடவை கோயில் தெரியுது!"