ஹேக்கில் ஒரு கொச்சி, எழும்பூரில் ஒரு கொச்சி

கொச்சிக் கோட்டை இன்று இல்லை. 1663 ஜனவரியில் போர்த்துகீசியரிடமிருந்து ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள், இவ்வளவு பெரிய ஊரைக் காவல் காக்க ஆள் போதாது என்று அதன் பெரும்பகுதியை இடித்தார்கள். மிச்சத்தைச் சுற்றிப் புது மதில் எழுப்பினார்கள். கொத்தளங்களுக்கு ஹாலந்து, கெல்டர்லாந்து, குரோனிங்கன் என்று சொந்த நாட்டு மாகாணங்களின் பெயரை வைத்தார்கள். 1795 அக்டோபரில் வந்த ஆங்கிலேயர்கள், 1806-இல் அந்த மதிலையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஆனாலும் கோட்டை மதில் எந்தத் தெருமுனையில் திரும்பியது, இன்று அங்கே எந்தத் தங்கும் விடுதி நிற்கிறது என்பதைக் கைபேசித் திரையிலேயே காட்டிவிடலாம். மதில் போனாலும் அதை அளந்து வரைந்த காகிதம் போகவில்லை.

காகிதம் இருக்கும் இடங்கள்தான் பல. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கொச்சி வரைபடங்களில் பெரும்பங்கு ஹேக் நகரில் உள்ள நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதற்கு முந்தைய போர்த்துகீசியக் கொச்சியை 1635-ஆம் ஆண்டின் கோட்டைத் தொகுப்பில் பார்க்கலாம். விவரங்களை அந்தோனியோ பொக்காரோ எழுத, படங்களைப் பெத்ரோ பரெத்தோ த ரெசெந்தே தந்தார். அதன் பிரதி ஒன்று போர்ச்சுகலின் எவோரா நூலகத்தில் உள்ளது. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பாதிரியார் பிலிப்பஸ் பால்டியஸ் 1672-இல் வெளியிட்ட மலபார், சோழமண்டல, இலங்கை நூலிலும் கொச்சி முற்றுகைப் படம் உண்டு. கொச்சி டச்சு அலுவலகத்தின் கடிதங்கள், பதிவேடுகள் எங்கே என்று கேட்டால், சென்னை எழும்பூரில். தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அவை தொகுதி தொகுதியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. டச்சுக் கம்பெனி ஆவணங்களை 2003-இல் யுனெஸ்கோ உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தபோது, ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, கேப்டவுன் ஆகியவற்றோடு சென்னையும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. கொச்சி மட்டாஞ்சேரிக்காரர் ஒருவர் தன் ஊரின் பதினெட்டாம் நூற்றாண்டைத் தேட வேண்டுமானால் எழும்பூர் ரயில் நிலையத்தில் இறங்க வேண்டும் என்பது சென்னையிலேயே பலருக்குத் தெரியாது.

இந்த வரைபடங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுவது முதல் வேலை. பார்க்கச் சுலபம், அலட்சியமும் அங்கேதான் புகுகிறது. தாளைக் கைபேசியில் சாய்வாகப் படம் எடுத்தால் ஒரு பக்கம் சுருங்கிவிடும். அந்தச் சுருக்கத்தைப் பிறகு யாரோ ஒருவர் வரைந்தவரின் பிழை என்று கணக்கெழுதுவார். அழகுக்காக ஓரத்தை வெட்டிவிடுகிறவர்களும் உண்டு. அளவுகோல், திசைகாட்டி, வரைந்தவர் பெயர் எல்லாம் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் இருக்கும். டச்சுப் படங்களில் அளவு ரைன்லாந்து ‘ரூட்’ கணக்கில் வரும். ஒரு ரூட் ஏறத்தாழ 3.77 மீட்டர். அந்தக் கோடு வெட்டுப்பட்டால் படத்தைச் சோதிக்கும் முதல் வழி போயிற்று.

ஸ்கேன் செய்த படம் வெறும் படம்தான். அதன் ஒவ்வொரு புள்ளியும் பூமியில் எங்கே இருக்கிறது என்று கணினிக்குச் சொல்லிக்கொடுப்பதைத்தான் ஜியோரெஃபரன்சிங் என்கிறார்கள். வேலை செய்யும் விதம் எளிது. பழைய படத்தில் ஒரு கட்டடத்தைக் காட்டுகிறோம். இன்றைய வரைபடத்தில் அதே கட்டடத்தைக் காட்டுகிறோம். இப்படிச் சில ஜோடிகள் கிடைத்தால், மற்ற எல்லாப் புள்ளிகளுக்கும் அட்சரேகை தீர்க்கரேகையை மென்பொருள் கணக்கிட்டுவிடும். க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. ஆல்மேப்ஸ் போன்ற புதிய கருவிகளில் படத்தை இறக்கவே வேண்டாம். படம் காப்பகத்தின் தளத்திலேயே இருக்கும். நாம் வைத்த புள்ளிகள் மட்டும் தனிக் குறிப்பாகச் சேமிக்கப்படும். ஹேக்கில் உள்ள படத்துக்கு மட்டாஞ்சேரியில் உட்கார்ந்து புள்ளி வைக்கலாம். பிடிக்காதவர் வேறு புள்ளி வைத்துக்கொள்ளலாம். லைடன் பல்கலைக்கழக நூலகம் தன் காலனியக் கால வரைபடங்களுக்குப் பொதுமக்களைக் கொண்டே 2015 முதல் இப்படிப் புள்ளி வைக்க ஆரம்பித்தது.

எல்லாப் பழம்படங்களும் இதற்கு ஒத்துவரா. 1635-ஆம் ஆண்டுத் தொகுப்பின் கொச்சி ஏறக்குறைய பறவைப் பார்வை ஓவியம். அளந்து வரைந்ததல்ல. முன்னால் உள்ளது பெரிதாகவும் பின்னால் உள்ளது சிறிதாகவும் தெரியும். அதைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் படியவைக்க முயல்வது வீண் உழைப்பு. டச்சுக் கோட்டைப் பொறியாளர்களின் திட்டப்படம் வேறு வகை. பீரங்கி எட்டும் தூரத்தைக் கணக்கிட வரைந்தது என்பதால் உள்ளே அளவு பிசகாது.

சரி, கொச்சியில் எந்தப் புள்ளிகளை நம்புவது? புனித பிரான்சிஸ் தேவாலயம் முதல் தேர்வு. 1524-இல் வாஸ்கோட காமாவைப் புதைத்த இடம்; போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் மூவரும் அதை இடிக்காமல் விட்டார்கள். 1667-இல் ஸ்ட்ரோம்பெர்க் கொத்தளம் இருந்த இடத்தில் கட்டிய பாஸ்டியன் பங்களா இன்று அருங்காட்சியகம். 1724-இல் திறந்த டச்சுக் கல்லறைத் தோட்டமும் உதவும். கட்டடங்களைவிடத் தெருச் சந்திப்புகள் நம்பகமானவை என்பது இந்த வேலை செய்பவர்கள் கண்ட பாடம். வீட்டை இடித்துக் கட்டுவார்கள். தெருவை நகர்த்த ஊரே சம்மதிக்க வேண்டும்.

பொறி வைத்திருப்பது சாண்டா குரூஸ். டச்சுப் படத்தில் அந்தப் பெயரில் ஒரு பெரிய கட்டடம் தெரிந்தால், இன்றைய சாண்டா குரூஸ் பசிலிக்காவோடு இணைக்கக் கை துறுதுறுக்கும். இணைத்தால் படம் முழுதும் முறுக்கிக்கொள்ளும். போர்த்துகீசியரின் பேராலயம் இன்றைய சிறுவர் பூங்காவுக்குக் கிழக்கே இருந்தது. டச்சுக்காரர் அதை ஆயுதக் கிடங்காக்கினார்கள்; ஆங்கிலேயர் இடித்தார்கள். இப்போது நிற்பது 1887-இல் பணி தொடங்கி 1905-இல் அர்ப்பணிக்கப்பட்டது, வேறு இடத்தில். பெயர் மட்டும்தான் நகர்ந்து வந்தது.

கரையை எக்காரணம் கொண்டும் நம்பக் கூடாது. 1341-ஆம் ஆண்டுப் பெரியாற்று வெள்ளத்தில் முசிறி தூர்ந்து கொச்சியின் முகத்துவாரம் திறந்தது என்பது மரபாகச் சொல்லப்படும் வரலாறு. அதன்பின் நிலமும் நீரும் இங்கே ஓய்ந்ததில்லை. பெரிய மாற்றம் மனிதன் செய்தது. 1920-இல் சென்னை மாகாண ஆளுநர் வில்லிங்டன் அனுப்பி வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, முகத்துவாரத்தை அடைத்துக் கிடந்த மணல்திட்டை வெட்டினார். 1928-இல் பத்மா என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. தோண்டிய மண்ணைக் காயலிலேயே கொட்டி எழுப்பியதுதான் வில்லிங்டன் தீவு. இன்றைய வரைபடத்தில் மட்டாஞ்சேரிக்கு எதிரே நீளமாகக் கிடக்கும் அந்த நிலம் டச்சுப் படத்தில் வெறும் தண்ணீர். இதைப் பார்த்துவிட்டு ‘பழைய படம் தப்பு’ என்பவர்கள் உண்டு. இரண்டும் சரி; நடுவில் ஒரு தூர்வாரும் கப்பல் வந்து போயிருக்கிறது.

புள்ளிகள் வைத்தபின் மென்பொருள் ஒரு கேள்வி கேட்கும்: படத்தை எப்படிப் பொருத்துவது? மூன்று புள்ளிகள் போதும் என்கிற எளிய முறையில் படம் சுழலும், நீளும், சாயும். நேர்கோடு நேர்கோடாகவே இருக்கும். ஆறு புள்ளியாவது கேட்கும் இரண்டாம்படி முறையில் கோடுகள் வளையத் தொடங்கும். மெல்லிய தகடு முறை என்று இன்னொன்று உண்டு. வைத்த புள்ளிகள் எல்லாவற்றிலும் படம் அப்படியே போய் உட்கார்ந்துவிடும். பிழைக் கணக்கு பூஜ்யம் என்று காட்டும். புதியவர்கள் மகிழ்ந்துபோவது இதில்தான். ஈர வேட்டியை எந்த மூலையைப் பிடித்து இழுத்தாலும் இழுத்த பக்கம் வரும்; வேட்டியின் அளவு அதனால் தெரிந்துவிடாது. தப்பான சாண்டா குரூஸையும் இந்த முறை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளும்.

என் கட்சி எளிய முறையின் பக்கம். அதில் மூன்றுக்கு மேல் புள்ளிகள் வைத்தால், ஒவ்வொரு புள்ளிக்கும் இத்தனை மீட்டர் விலகல் என்று ஒரு எண் வரும். அந்த எண்களைத் துடைத்தெறிய வேண்டிய குப்பையாகப் பார்ப்பதுதான் வழக்கம். ஆனால் வரைந்தவன் எங்கே சங்கிலி பிடித்து அளந்தான், எங்கே கண்ணால் மட்டும் பார்த்து வரைந்தான் என்பதை வேறு எந்த ஆவணமும் இவ்வளவு நேர்மையாகச் சொல்வதில்லை. கோட்டைக்குள் விலகல் சிறியதாக இருக்கும். மதிலைத் தாண்டிக் கிழக்கே போகப் போக விரியும். கிழக்கே இருப்பது மட்டாஞ்சேரி.

போர்த்துகீசியர் மேல்கொச்சி என்று அழைத்த அந்த ஊர் கொச்சி அரசருடையது. 1555-ஐ ஒட்டிப் போர்த்துகீசியர் கட்டித் தந்து, பின்னர் டச்சுக்காரர் புதுப்பித்ததால் டச்சு அரண்மனை என்றே பெயர் பெற்ற மாளிகை அங்கே இருக்கிறது. அரண்மனை வளாகத்தில் பழையன்னூர் பகவதி கோயில். பக்கத்திலேயே 1568-இல் கட்டிய பரதேசி யூதக் கோயில். சேர்லாயில் கொங்கணிகளின் திருமலை தேவசம், கொச்சங்காடியில் செம்பிட்ட பள்ளி என்ற மசூதி, குஜராத்தி வணிகர்களின் கிடங்குகள். கம்பெனியின் மிளகு வியாபாரம் நடந்ததே இங்குள்ளவர்களை நம்பித்தான். 1760-இல் யூதக் கோயிலுக்கு மணிக்கூண்டு வைத்த எசக்கியேல் ரஹாபி கம்பெனியின் பெரிய வணிகர். இருந்தும் கோட்டைப் படங்கள் பெரும்பாலும் மதிலோடும் அகழியோடும் முடிந்துவிடுகின்றன. தாண்டிச் செல்பவற்றில் விவரம் மெலிகிறது. ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்ற பகுதியில் துணி வெளுக்கும் தமிழ் வண்ணார் குடும்பங்களின் முன்னோரை டச்சுக்காரர்களே அழைத்து வந்ததாகச் சொல்வார்கள். அப்படிப்பட்டவர்களின் குடியிருப்பு கோட்டைப் படத்தில் கிடைப்பது அரிது.

மட்டாஞ்சேரி முறையாக அளவைக்குள் வந்தது வார்டு, கானர் என்ற இரண்டு லெப்டினன்ட்கள் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி அரசுகளை அளந்தபோது. அதன்பின் வந்த சிக்கல் நிர்வாகத்தினால். 1814 உடன்படிக்கையில் சுமத்ரா அருகே உள்ள பாங்கா தீவைக் கொடுத்துக் கொச்சியை முறைப்படி வாங்கிக்கொண்ட ஆங்கிலேயர், கோட்டைப் பகுதியை மலபார் மாவட்டத்தில் சேர்த்துச் சென்னை மாகாணத்தின் கீழ் வைத்தார்கள். மட்டாஞ்சேரி கொச்சி அரசரிடமே இருந்தது. ஆக, கல்வத்தி வாய்க்காலுக்கு மேற்கே சென்னையின் சர்வே, கிழக்கே கொச்சி சர்க்காரின் சர்வே. கேரளம் பிறந்த 1956 நவம்பர் 1 வரை இதே கதை. இரண்டு நகராட்சிகளும் எர்ணாகுளத்தோடு சேர்ந்து ஒரே மாநகராட்சியானது 1967-இல். பழைய தாள்களை ஒட்டுகிறவர் அந்த வாய்க்காலில் வந்துதான் தடுமாறுவார்.

கூடவே ஒரு தொழில்நுட்பக் கண்ணி. இந்திய அளவைகள் பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் கணக்கைப் பின்பற்றின. ஜிபிஎஸ் பின்பற்றுவது டபிள்யூஜிஎஸ் 84. பழைய தாளில் அச்சிட்ட ரேகைகளை மாற்றாமல் அப்படியே இன்றைய கணக்கில் இட்டால், ஊரே நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். அரண்மனைக்கும் படகுத்துறைக்கும் இடையே அவ்வளவு தூரம்கூட நிச்சயமில்லை.

கடலோரப் பகுதி என்பதால் இந்திய சர்வே துறையின் விரிவான தாள்கள் பல பத்தாண்டுகள் பொதுமக்கள் கைக்கு எளிதில் வரவில்லை. டச்சுக் கம்பெனி தன் எதிரிகளிடமிருந்து ஒளித்துவைத்த கோட்டைப் படம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்க, சொந்த ஊரின் தாளுக்கு அனுமதி தேட வேண்டியிருந்தது. 2005-ஆம் ஆண்டு வரைபடக் கொள்கை கொஞ்சம் கதவு திறந்தது. 2021 பிப்ரவரியில் வந்த வழிகாட்டுதல்கள் பெரும்பாலான கட்டுப்பாடுகளை நீக்கின. இணையத்தில் ஏறியது எப்போதும் இருக்கும் என்றும் நம்ப முடியாது. 2023 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு ஆளான பிரிட்டிஷ் நூலகத்தின் சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. புள்ளிகளை நம் கணினியிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்வது நல்லது.

இதெல்லாம் எதற்கு? சென்னையில் விடை தெளிவு: தி.நகர் எழுந்தது நெடிய ஏரியின் தரையில் என்பதைப் பழைய தாளை இன்றைய தாளின்மேல் வைத்தால் யாரும் விளக்க வேண்டியதில்லை. கொச்சியில் 2019 அக்டோபர் 21-ஆம் தேதி, எர்ணாகுளம் இடைத்தேர்தல் நாளன்று, நகரம் மழைநீரில் மிதந்தது. வாய்க்கால்கள் எங்கே போயின என்ற பேச்சு அதன்பின் வலுத்தது. கேரள அரசு 2022 நவம்பர் 1 முதல் ‘எண்டெ பூமி’ என்ற பெயரில் மாநிலம் முழுதும் மின்னணு முறையில் மறு அளவை நடத்துகிறது. அதில் கிடைக்கும் எல்லைகள் சென்டிமீட்டர் கணக்கில் துல்லியமானவை. பக்கத்தில் பழைய படத்தை வைத்து ‘வாய்க்கால் இதோ, உன் வீடு அதற்குள் இருக்கிறது’ என்று சொல்ல ஆசை வரும்.

அங்கேதான் விலகல் எண் திரும்ப வேலைக்கு வருகிறது. பொருத்திய படத்தில் பிழை பத்து மீட்டர் என்றால், அதிலிருந்து எடுத்த வாய்க்கால் கரை ஒற்றைக் கோடாக இருக்க முடியாது; இருபுறமும் பத்துப் பத்து மீட்டர் விட்டு, இருபது மீட்டர் அகலப் பட்டையாகத்தான் வரைய வேண்டும். ராமேஸ்வரம் – கல்வத்தி வாய்க்காலை ஒட்டிய நெருக்கமான குடியிருப்புகளில் அந்தப் பட்டைக்குள் வரிசையாகப் பல வீடுகள் அடங்கிவிடும். எந்த வீடு என்று படம் சொல்லாது. வாய்க்கால் இருந்தது, இவ்வளவு அகலமாக இருந்தது, இந்தப் பக்கம் வளைந்தது என்பதுவரை சொல்லும். அதற்குமேல் பட்டா, பத்திரம், கிணற்றடி மண், பக்கத்து வீட்டுப் பாட்டியின் சாட்சி.