வளரிளம் பருவத்தினரிடம் இணையவழித் துன்புறுத்தலைக் கண்டறிதல்

இணையவழித் துன்புறுத்தல் என்பது கைப்பேசி, சமூக ஊடகம், இணைய விளையாட்டு ஆகியவற்றின் வழியாக ஒருவரை வேண்டுமென்றே மீண்டும் மீண்டும் புண்படுத்துவதாகும். இழிவான செய்தி அனுப்புதல், வதந்தி பரப்புதல், படத்தை மாற்றிப் பகிர்தல், போலிக் கணக்கு தொடங்குதல், குழுவிலிருந்து திட்டமிட்டு ஒதுக்குதல் ஆகியன இதன் வடிவங்கள். பாதிக்கப்பட்ட மாணவர்கள் பலர் தாமாக முன்வந்து சொல்வதில்லை. எனவே கேட்டறிதல் தேவையாகிறது.

பரவல்

உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பியப் பிரிவு 2024-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 44 நாடுகளிலும் பகுதிகளிலும் 11, 13, 15 வயதுடைய ஏறத்தாழ 2,79,000 பேரிடம் நடத்திய ஆய்வில், சுமார் ஆறில் ஒருவர் இணையவழித் துன்புறுத்தலுக்கு ஆளாகியிருந்தனர். ஆண், பெண் இருபாலரிடமும் இந்த அளவு ஏறக்குறைய சமமாக இருந்தது.

வினாநிரல்கள்

நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வேயசு உருவாக்கிய வினாநிரல் பல நாடுகளில் பயன்படுகிறது. அண்மைய மாதங்களில் எத்தனை முறை துன்புறுத்தப்பட்டீர்கள் என்று அது கேட்கிறது. மாதத்திற்கு இரண்டு, மூன்று முறை அல்லது அதற்கு மேல் என்பது பாதிப்பின் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. இணையத்தில் இந்த எண்ணிக்கை மட்டும் போதாது. ஒரே ஒருமுறை பதிவேற்றிய படம் பள்ளி முழுவதும் சுற்றிவரலாம். ஆகவே யார் யார் பார்த்தனர், இன்னும் பரவுகிறதா என்றும் கேட்க வேண்டும்.

மனநிலையைத் தனியே அளவிட வேண்டும். இராபர்ட் குட்மன் 1997-இல் வெளியிட்ட 25 கூற்றுகள் கொண்ட படிவத்தை 11 முதல் 17 வயதினர் தாமே நிரப்பலாம். இத்தகைய படிவங்கள் கவலையையும் சோர்வையும் காட்டும், காரணத்தைக் காட்டா. உறக்கமின்மை, அடிக்கடி தலைவலி அல்லது வயிற்றுவலி, பள்ளிக்கு வர மறுத்தல், கைப்பேசி ஒலித்தால் பதறுதல் ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும்.

கேட்கும் முறை

"உன்னை யாராவது துன்புறுத்தினார்களா?" என்று கேட்டால் "இல்லை" என்ற விடையே எளிதில் வரும். "உன் படத்தை உன்னைக் கேட்காமல் யாராவது பகிர்ந்தார்களா?" என்று செயலைச் சுட்டிக் கேட்பது நல்லது. கைப்பேசியைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற அச்சமே பலரின் வாயை அடைக்கிறது. துன்புறுத்துபவரும் வேறிடத்தில் துன்புறுத்தப்படுபவராக இருக்கலாம். இரண்டையும் கேட்க வேண்டும்.

பெயர் எழுதாத படிவத்தில் மாணவர் உண்மையை எழுதுவர். ஆனால் ஆபத்தில் இருப்பவர் யார் என்று தெரியாது. பெயருள்ள படிவத்தில் உதவ இயலும். ஆனால் பலர் மறைப்பர். பள்ளியின் நிலையை அறிய முதலாவதும், தனி மாணவருக்கு உதவ ஆலோசகருடன் நேர்ப்பேச்சும் ஏற்றவை. உயிருக்கு ஆபத்து எனத் தெரிந்தால் இரகசியம் காக்க இயலாது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

பின்தொடர்தல்

கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது, சொன்ன பிள்ளையை மேலும் தனிமைப்படுத்தும். எனவே உதவி செய்ய ஆளை ஏற்பாடு செய்த பிறகே படிவத்தைக் கொடுக்க வேண்டும். தன்னைத் தானே காயப்படுத்தும் எண்ணம் தெரிந்தால் அன்றே பெற்றோருடனும் மருத்துவருடனும் பேச வேண்டும். செய்திகளை அழிக்காமல் சான்றாக வைக்க வேண்டும். அந்தரங்கப் படமாயின் ஆசிரியர் உட்பட எவரும் அதைப் பிறருக்கு அனுப்பக் கூடாது. இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துச் சமாதானம் பேசுவதும் ஆகாது. இந்தியாவில் மனநல உதவிக்கு 14416, குழந்தைகள் உதவிக்கு 1098 ஆகிய எண்களை அழைக்கலாம்.